ஜோஃப்காவுக்குச் சூடாக ஓர் எலி

காளான் முளைத்துவிட்டது என்ற செய்தி வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு லீஷென் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தது. இந்த மாதிரிச் செய்தி வானொலியில் வராது. யாரோ ஒருவர் காட்டுக்குப் போய்த் திரும்பும்போது கூடையின் மேல் இலைதழையைப் போட்டு மூடிக்கொண்டு வருவார். எங்கே பறித்தார் என்று கேட்டால் சாகும்வரை சொல்லமாட்டார். ஆனால் கூடை கனப்பதை மட்டும் அவரால் மறைக்க முடியாது. அது போதும். திங்கள்கிழமை புனித வாஸ்லவ் விடுமுறை என்பதால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்திருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குள் புர்னோ நகரத்தில் பாதிப் பேர் வண்டியில் ஏறிவிட்டார்கள்.

விளாஸ்தா பள்ளிக்கூடச் சமையற்காரி. முப்பத்தோரு வருடமாக நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். அன்றைக்குக் கடைசிப் பிள்ளை கரண்டியைக் கீழே வைப்பதற்குள் தட்டைப் பிடுங்கிக் கழுவிப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். கத்தி, கூடை, ரப்பர் பூட்ஸ், காட்டோர மரவீட்டின் சாவி, ரொட்டி எல்லாம் பத்தே நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிட்டன. வராதது ஒன்றே ஒன்றுதான். அது அவள் கணவன் ராடிம்.

ராடிம் டிராம் ஓட்டுகிறவன். அறுபது வயது. இரண்டு பேருக்குமே இது இரண்டாம் கல்யாணம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் அவளுடைய வீட்டுக்குக் குடிவந்தபோது ஒரு பெட்டி, ஒரு சைக்கிள், ஒரு பாம்பு ஆகிய மூன்றோடு வந்தான். பெட்டிக்கும் சைக்கிளுக்கும் விளாஸ்தா ஒன்றும் சொல்லவில்லை. பாம்பின் பெயர் ஜோஃப்கா. ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஜாதி. ஒன்றேகால் மீட்டர் நீளம், கைப் பருமன், பயந்துபோனால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். இருபது வருடமாக அவனிடம் இருக்கிறது. முதல் பெண்டாட்டி போனாள், பிள்ளைகள் வளர்ந்து போனார்கள், ஜோஃப்கா போகவில்லை.

அந்த வீட்டில் பாம்பைப் பார்த்து யாரும் அலறுவதில்லை. அந்த ஊரில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் பல்லியோ ஆமையோ கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். விளாஸ்தாவுக்கு விவகாரம் பாம்பு இல்லை, அதன் சாப்பாடுதான். குடிவந்த முதல் வாரத்திலேயே ராடிம் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டிருந்தான்.

"தங்கம், ஃப்ரீசர்ல ஒரு தட்டு எனக்குக் குடேன். இப்பெல்லாம் எலியை உறைய வச்சே விக்கிறாங்க. வாங்கி வச்சா மூணு மாசத்துக்கு வரும்."

"என் ஃப்ரீசர்லயா? எலியா?"

"பையில சுத்தித்தான் இருக்கும்."

"நீயே பையில சுத்திட்டு வந்தாலும் உள்ள இடம் கிடையாது."

உண்மையிலேயே இடம் கிடையாது. மேல்தட்டில் அவுரிநெல்லி, இரண்டாவதில் பிளம் கொழுக்கட்டை, அதற்குக் கீழே கடைசிவரை நறுக்கிய காளான். முப்பத்தோரு வருடமாகச் சுகாதார அதிகாரிகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய பெண்மணி எலியையும் காளானையும் ஒரே கதவுக்குப் பின்னால் வைப்பாளா? ராடிமும் அதற்கு மேல் வாதாடவில்லை. இருபது வருடமாகச் செய்துவந்ததையே செய்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கடையிலிருந்து உயிருள்ள எலி ஒன்றை அட்டைப்பெட்டியில் வாங்கி வருவான். கண்ணாடிப் பெட்டிக்குள் விடுவான். கையில் மரக்கரண்டியோடு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவான். இருபது நிமிடத்தில் ஜோஃப்கா பிடிக்காவிட்டால் எலியை வெளியே எடுத்துவிடுவான். அதில் மட்டும் அவன் தவறியதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்து நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"ராடிம், உன் கூட்டாளி லுபோர் எப்பவோ கிளம்பிட்டான். நாம போறதுக்குள்ள காட்டைக் கூட்டிப் பெருக்கி வச்சிருப்பான்."

"கொஞ்சம் இரு. அவ இன்னும் திரும்பிக்கூடப் பார்க்கல."

"பசிச்சா பார்க்காம எங்க போகும்? விட்டுட்டு வா. அது பாட்டுக்குச் சாப்பிடும்."

ராடிம் ஒரு தடவை பாம்பைப் பார்த்தான், ஒரு தடவை கூடையைப் பார்த்தான். மரக்கரண்டியை ஸ்டூல் மேல் வைத்தான். பெட்டியின் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்து பூட்ஸை மாட்டிக்கொண்டான்.

மூன்று நாளும் காடு வாரி வழங்கியது. ஹ்ரீப் காளான் தலை தலையாக நின்றது. புழு அரிக்காத, கெட்டியான, தட்டினால் டொக்கென்று சத்தம் வருகிற காளான். இரண்டு பேரும் பேசாமல் குனிந்து குனிந்து பறித்தார்கள். லுபோர் எதிர்ப்பட்டபோது இருவரும் கூடையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, "எங்க, ஒண்ணுமே இல்லையே" என்றார்கள். அவனும் அதையே சொன்னான். சாயங்காலம் முட்டையும் காளானும் வதக்கிச் சாப்பிட்டுவிட்டு விளாஸ்தா, இந்த வயதில் இப்படி ஒரு மனுஷன் கிடைத்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வீடு திரும்பினார்கள். விளாஸ்தா கூடைகளைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுக் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தாள். ராடிம் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளறைக்குப் போனான்.

"விளாஸ்தா, இங்க வாயேன்" என்றான். குரல் மிக மெதுவாக வந்தது. அவள் தேடுவதை விட்டுவிட்டு ஓடினாள்.

எலி மரக்கட்டை மேல் உட்கார்ந்து மீசையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. ஜோஃப்கா மூலையில் பந்தாகச் சுருண்டு கிடந்தது. தலை தெரியவில்லை. முதுகின் மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தோலே இல்லை. உள்ளே சிவப்பாகச் சதை தெரிந்தது. ஓரமெல்லாம் பல் பதிந்த கொறிப்பு. மூன்று நாள் சாப்பாடில்லாமல் கிடந்த எலி, பக்கத்தில் கிடைத்ததைத் தின்றிருக்கிறது. பயந்து சுருண்டுகொள்ள மட்டுமே தெரிந்த ஜீவன் சுருண்டே கிடந்திருக்கிறது.

ராடிம் கையை உள்ளே விடவும் முடியாமல் வெளியே எடுக்கவும் முடியாமல் நின்றான். விளாஸ்தா சூப் பானையை எடுத்து வந்தாள். எலியை அதற்குள் தள்ளி மூடியைப் போட்டாள். பிறகு மூடியைக் கொஞ்சம் திறந்து ஒரு ரொட்டித் துண்டையும் உள்ளே போட்டாள்.

"அதுக்குச் சோறு வேற போடுறியா?" என்றான் ராடிம்.

"அது என்னப்பா பண்ணும்? அதை உள்ள விட்டது நாம."

'நாம' என்று சொல்லிவிட்டாளே தவிர, வெள்ளிக்கிழமை வாசலில் நின்று தான் சொன்னது அவள் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

விடுமுறை நாளில் பிராணிகள் மருத்துவமனை பூட்டியிருந்தது. கதவில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்தார்கள். அரை மணியில் டாக்டர் யிட்கா வந்து கதவைத் திறந்தார். நாற்பது வயது இருக்கும். கால்களில் சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ், தலைமுடியில் ஊசியிலை. அவரும் நேராகக் காட்டிலிருந்துதான் வருகிறார். எந்தக் காடு என்று அவர்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காயத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. சுருளுக்குள்ளிருந்து பாம்பின் தலையை மெல்ல வெளியே எடுத்துக் கண்ணைப் பார்த்தார். பால் விட்ட மாதிரி மங்கிக் கிடந்தது.

"தோல் உரிக்கப் போகுது. இந்த நேரத்துல இதுக்குச் சரியா கண் தெரியாது, சாப்பிடவும் சாப்பிடாது. எலியை எப்ப விட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை" என்றான் ராடிம்.

டாக்டர் காயத்தைக் கழுவினார்.

"இருபது வருஷமா உயிரோடதான் குடுத்தேன், டாக்டரம்மா. ஒரு தடவைகூட ஒண்ணும் ஆனதில்ல."

"இருபது வருஷம் உங்களுக்கு நல்ல நேரம் ஓடியிருக்கு. பக்கத்துல உட்கார்ந்து பார்த்தாலும் ஒரே கடியில கண்ணு போயிடும். காட்டுல இருக்கிற பாம்புக்கு ஓட இடம் இருக்கு, இதுக்குக் கண்ணாடிதான் இருக்கு. இனிமே உயிரோட வேண்டாம். கொன்னு உறைய வச்ச எலியை வாங்கி, பனி போக வச்சு, சூடு பண்ணி இடுக்கியில நீட்டுங்க." ஊசியை எடுத்துக்கொண்டே விளாஸ்தாவைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டார்."

இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் விளாஸ்தா அதைத் தொட்டதில்லை. இப்போது இரண்டு கையாலும் பிடித்தாள். வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். உலர்ந்து, இளஞ்சூடாக, கனமாக இருந்தது. ஊசி இறங்கியபோது அந்த உடம்பு முழுக்க ஒருமுறை இறுகித் தளர்ந்தது. பாவமாக இருந்தது அவளுக்கு.

"மூணு நாளைக்கு ஒரு ஊசி. தரையில மரத்தூள் வேண்டாம், காகிதம் விரிங்க. மூணு வாரம் கழிச்சுச் சாப்பாடு நீட்டிப் பாருங்க. மத்த நேரத்துல இந்த ஜாதி மாசக்கணக்கா பட்டினி கிடக்கும், கவலைப்பட மாட்டேன். ஆனா இது வயசான உடம்பு, இவ்வளவு பெரிய தோல் வளரணும். அக்டோபர் முடியறதுக்குள்ள சாப்பிட்டாகணும். இல்லேன்னா குழாய் விட்டுக் கொடுக்கணும். அதை இது தாங்குமான்னு எனக்குத் தெரியல."

சூப் பானையோடு கொண்டுபோயிருந்த எலியை அவரே வாங்கிக்கொண்டார். காத்திருக்கும் அறையில் ஒரு காலிக் கூண்டு இருந்தது. "இதுக்கும் மூணு நாள் கஷ்டம்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மேசை மேலிருந்த காளானில் பாதி வெந்நீர் ஊற்றியதுபோல் தளர்ந்திருந்தது. மறுநாள் காலையில் விளாஸ்தா இரண்டு கூடையையும் கீழே கொண்டுபோய்க் கொட்டினாள். அந்தக் குடும்பத்தில் நல்ல ஹ்ரீப் காளான் குப்பைக்குப் போனது அதுவே முதல் தடவை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டார்.

அன்றைக்கே ஃப்ரீசரின் அடித்தட்டைக் காலி செய்தாள். அதிலிருந்த காளானைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் ஆசிரியர்களுக்கு சூப் வைத்துப் போட்டாள். அவர்கள் காரணம் கேட்கவில்லை, இரண்டாம் கிண்ணம் கேட்டார்கள். காலியான தட்டில் இறுக மூடும் டப்பா ஒன்றை வைத்து, பச்சை இறைச்சிக்குச் சமையல்கூடத்தில் ஒட்டுவதுபோலச் சிவப்புப் பட்டையும் ஒட்டினாள். எலிக்கென்று தனியாக ஒரு பாத்திரம், ஒரு இடுக்கி, ஒரு கையுறை. மாவு நிறுக்கும் தராசையும் பாம்புக்கே கொடுத்துவிட்டுத் தனக்கு வேறொன்று வாங்கிக்கொண்டாள். ராடிம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரொம்ப நன்றி, தங்கம்" என்றான்.

அந்த நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திட்டி, அழுது, முடித்திருப்பாள். அவனோ முன்னைவிடப் பிரியமாக இருந்தான். காலையில் காப்பி போட்டுக் கொடுத்தான். அவளுடைய பூட்ஸைக் கழுவி வைத்தான். இவன் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. பாம்பு பிழைத்துவிட்டால் போயிற்று. பிழைக்காவிட்டால், 'உன் ஃப்ரீசரும் உன் அவசரமும்தான்' என்று இவன் சொல்லவே மாட்டான், சொல்லாமலே பக்கத்தில் படுத்துக் கிடப்பான், அப்படியே இரண்டு பேரும் கிழவன் கிழவியாவோம் என்று நினைத்தாள். ஐம்பத்தேழு வயதில் தேடிக் கிடைத்த துணையை இழக்கிற பயம் அது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்தப் பயம் வந்து பக்கத்தில் நின்றது.

காயம் நன்றாகவே ஆறியது. பாம்பு பழைய தோலைத் துண்டு துண்டாக உரித்தது. சிவப்பின் மேல் மெல்லிய சாம்பல் நிறப் படலம் வந்தது. சாப்பாடுதான் வம்பாகிப் போனது.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ராடிம் முதல்தடவை ஓர் எலியைப் பனி போக வைத்து, இடுக்கியில் பிடித்து நீட்டினான். ஆட்டிப் பார்த்தான். "பாரு ஜோஃப்கா, ஓடுது பாரு, பிடி" என்று கொஞ்சினான். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தான். ஜோஃப்கா நாக்கை இரண்டு தடவை நீட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்று நாள் கழித்து மறுபடி. அப்போதும் இல்லை. தராசில் ஆயிரத்து அறுநூறு கிராம் ஆயிரத்து ஐந்நூறாகி, அதற்கும் கீழே போனது. முதுகெலும்பு மெல்லத் தெரிய ஆரம்பித்தது. டாக்டர் போனில், "வர்ற புதன்கிழமை வரைக்கும் பார்ப்போம், அப்புறம் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை லுபோர் வந்தான். நாலு பாம்பும் ஒரு உடும்பும் வளர்க்கிறவன், பாம்பு வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர், எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பவன். பீர் புட்டியைத் திறந்துகொண்டே கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்தான்.

"இது என்னடா நாயா, தட்டுல போட்டா வந்து நக்க? பாம்புடா. அசையணும். அசையாததைப் பொணம்னு தெரியாதா அதுக்கு?"

"டாக்டரம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றான் ராடிம்.

"டாக்டருக்கு என்ன, குழாயைச் சொருகிட்டுப் போயிடுவாங்க. சின்னதா ஒண்ணு உயிரோட போடு. பக்கத்துலயே உட்காரு. ஒரு தடவை பிடிச்சுட்டா அப்புறம் தானா சாப்பிடும்."

"உன் உடும்புக்குக் காதுல பாதி காணமே, அது எப்படிப் போச்சு?" என்று கேட்டாள் விளாஸ்தா.

"உடும்புக்குக் காதே கிடையாது, அண்ணி."

"வால் நுனியைச் சொன்னேன்."

லுபோர் பீரைக் குடித்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ராடிம் வெளியே போய்விட்டு வந்தான். கோட்டைக் கழற்றாமல் உள்ளறைப் பக்கம் நழுவினான். முப்பத்தோரு வருடமாகப் பிள்ளைகள் சட்டைக்குள் ஒளித்துப்போகும் ரொட்டியைக் கண்டுபிடித்தவள் அவள். கோட்டின் முன்பக்கம் புடைத்திருப்பது அவளுக்குத் தெரியாதா?

"அதை மேசை மேல வை" என்றாள்.

வைத்தான். அட்டைப்பெட்டி. உள்ளே பிராண்டும் சத்தம்.

"நான் எழுந்திருக்க மாட்டேன், விளாஸ்தா. கரண்டியோட பக்கத்துலயே இருப்பேன். ஒரு நிமிஷம்கூட நகர மாட்டேன்."

"வேண்டாம்."

"புதன்கிழமை குழாய் விடுவாங்க. அவ தாங்க மாட்டா. எனக்குத் தெரியும்."

"அதோட முதுகுல இன்னும் தோல் முழுசா மூடல. அது மறுபடி ஒரு எலியைப் பார்த்தா திங்காது, சுருண்டுக்கும். நீ கரண்டியை வச்சுக்கிட்டு என்ன செய்வே?"

ராடிம் நாற்காலியில் உட்கார்ந்தான். வேண்டாம் என்று சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று விளாஸ்தாவுக்குப் பட்டது. இனி வைத்திருக்க முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டாள்.

"நீ மனசுல வச்சிருக்கிறதைச் சொல்லிடு ராடிம். விட்டுட்டு வான்னு சொன்னது நான். ஃப்ரீசர்ல இடம் இல்லன்னதும் நான். அஞ்சு வாரமா நீ காப்பி போட்டுக் குடுக்கிறே. என்னால குடிக்க முடியல."

ராடிம் அவளைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"நீ விட்டுட்டு வான்னு சொன்னியா?"

"வாசல்ல நின்னு சொன்னேனே."

"எனக்கு அது காதுலயே விழல." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "வியாழக்கிழமையே அவ கண்ணு மங்க ஆரம்பிச்சதைப் பார்த்தேன். பார்த்துட்டும் எலி வாங்கினேன். ஸ்டூல்ல உட்கார்ந்தப்ப, எலியை வெளிய எடுத்துடணும்னு தெரியும். எடுத்தா அதுக்குக் கூண்டு தேடணும், தீனி வைக்கணும், அரை மணி ஆகும், லுபோர் நம்ம இடத்துக்குப் போயிடுவான்னு நெனச்சேன். இருபது வருஷமா வளர்த்தவளைக் காளானுக்கு வித்துட்டேன். இதை உன்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா இவன் என்ன மனுஷன்னு நீ நினைப்பேன்னுதான் காப்பி போட்டேன்."

விளாஸ்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஐந்து வாரம் ஒரே கட்டிலில் இரண்டு திருடர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டு படுத்திருக்கிறார்கள்.

"நல்ல ஜோடி" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, எழுந்திரு. இந்தப் பெட்டியைக் கடையில திருப்பிக் குடுக்கிற வரைக்கும் குளியலறையில வை. ஒரு ரொட்டித் துண்டு போடு உள்ள. நேத்து ராத்திரி பனி போக வச்ச எலி எங்க?"

"கிண்ணத்துல. தயாரா இருக்கு."

விளாஸ்தா கையுறையைப் போட்டுக்கொண்டு எலியை எடுத்தாள். தொட்டால் சில்லென்றுதான் இருந்தது. எலிக்கென்றே ஒதுக்கிய வெப்பமானியின் கம்பியை அதன் வயிற்றோடு அழுத்திப் பிடித்தாள். இருபத்து மூன்று டிகிரி.

"இந்தச் சூட்டுலயா அதுக்கு நீட்டினே?"

"குழாய்த் தண்ணியில காட்டினேனே."

"ராடிம், நானூறு பிள்ளைங்களுக்குப் போடுறேன். யாருக்கும் பிடிக்காத சதகுப்பைக் குழம்பைக்கூட, சூடா இருந்தா பாதிப் பேர் சாப்பிடுவாங்க. ஆறிப்போச்சுன்னா ஒருத்தன் தொடமாட்டான். இது கண்ணால பார்த்தா சாப்பிடுது? சூட்டாலதான் பார்க்குதுன்னு நீதானே எனக்குச் சொன்னே? அதுக்கு நீ நீட்டினது ஒரு செருப்பு."

இருபது வருடப் பாம்புக்காரனுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் உயிருள்ள எலியை அவன் சூடு பண்ணியதே இல்லையே, அது தன் சூட்டோடு வந்துவிடும்.

அவள் தண்ணீரைக் காய்ச்சி, கை பொறுக்கும் அளவுக்கு ஆற்றி, எலியைப் பையில் போட்டு அதற்குள் இறக்கினாள். தண்ணீரை இரண்டு தடவை மாற்றினாள். கால் மணி நேரம் கழித்து வெப்பமானி முப்பத்தொன்பது காட்டியது. பிறகு ராடிமின் கையில் தன் ஹேர் டிரையரைக் கொடுத்து எலியின் தலைப்பக்கம் உலர்த்தச் சொன்னாள். செத்த எலிக்கு முடி உலர்த்தும் டிராம் ஓட்டுநரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பு.

"இப்ப நீ இங்கயே நில்லு. உள்ள வராதே."

"நான் வேண்டாமா?"

"புதுப் பிள்ளை ஒண்ணு சாப்பிடலேன்னா டீச்சர் தலைமாட்டுல நின்னுக்கிட்டுக் கெஞ்சுவா. அது இன்னும் வாயை மூடிக்கும். நான் டீச்சரை வெளிய அனுப்பிடுவேன். நீ டீச்சர்."

அவள் மட்டும் உள்ளே போனாள். சன்னல் திரையை இழுத்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டியின் கதவை மெல்லத் திறந்து, நீள இடுக்கியில் எலியை ஜோஃப்கா ஒளிந்திருந்த மரப்பட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தாள். ஆட்டவில்லை, கொஞ்சவில்லை. தலை வெளியே வந்தது. நாக்கு வந்தது. ஒருமுறை, இன்னொருமுறை. சூட்டை உணரும் உதட்டோரத்துக் குழிகளை எலியின் பக்கம் திருப்பி அது அசையாமல் பார்த்தது. விளாஸ்தாவின் கை வலித்தது. கடைசியில் எலியை மரப்பட்டை வாசலில் வைத்து, பெட்டியைப் பூட்டி, மேசைவிரிப்பால் கண்ணாடியை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"எடுத்துக்கிச்சா?"

"பார்த்துச்சு."

"உள்ள வச்சுட்டா வந்தே? தனியாவா?" ராடிம் எழுந்துவிட்டான்.

"உட்காரு. அந்த எலி இனி யாரையும் கடிக்காது. ஒரு நாள் முழுக்க அங்கயே கிடந்தாலும் கெட்ட நாத்தம்தான் வரும், வேற ஒண்ணும் வராது."

அவன் உட்கார்ந்தான். அந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்தது. ரொட்டியை வெட்டி முன்னால் வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்தார்கள். குளியலறையில் இன்னோர் எலி ரொட்டித் துண்டைக் கொறிப்பது கேட்டது. அந்த வீட்டில் அப்போது நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

முக்கால் மணி நேரம் கழித்து சேர்ந்து போனார்கள். விளாஸ்தா விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள்.

எலி இல்லை. காகிதத்தில் கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தது. ஜோஃப்கா மரப்பட்டையைவிட்டு முழுசாக வெளியே வந்திருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு முட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. ராடிம் அப்படியே தரையில் உட்கார்ந்து கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. விளாஸ்தா அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ராடிம், இங்க பாரு. இது ஏன் இப்படிப் பார்க்குது?"

ஜோஃப்கா தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி நீட்டி, கதவோரமாக மெல்ல வந்துகொண்டிருந்தது. முன்பு இடுக்கி பிடித்திருந்த அவள் கையின் பக்கம்.

விளாஸ்தா போனை எடுத்தாள். டாக்டர் யிட்கா மூன்றாவது மணியடிப்பில் எடுத்தார்.

"டாக்டரம்மா, சாப்பிட்டுடுச்சு."

"நல்லதாப் போச்சு. வயித்துல தங்கட்டும். ரெண்டு நாள் தூக்காதீங்க."

"தூக்கல. ஆனா இன்னும் கேட்குது."

"என்ன கேட்குது?"

"இன்னொண்ணு."

அந்தப் பக்கம் டாக்டர் சிரிப்பது கேட்டது. "சின்னதா இருந்தா குடுங்க. அதே மாதிரி சூடா."

முப்பத்தோரு வருடத்தில் விளாஸ்தா எத்தனையோ ஆயிரம் தட்டு நிரப்பியிருக்கிறாள். ஒரு பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் தடவை வரிசையில் வந்து நிற்பதைவிட அவளுக்குப் பெரிய சந்தோஷம் எதுவும் இருந்ததில்லை. அவள் சமையலறைக்குப் போய், சிவப்புப் பட்டை ஒட்டிய டப்பாவைத் திறந்து, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"பனி போக நேரம் ஆகும்" என்று ராடிம் பின்னாலேயே வந்தான். கண் இன்னும் சிவந்திருந்தது. கையில் ஹேர் டிரையர் இருந்தது.

"ஆகட்டும். வரிசையில நிக்கச் சொல்லு" என்றாள் அவள். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, அது காய்கிறவரை ரொட்டியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.